த்ரோ-இன்னில் ஆஃப்சைடாம்!

த்ரோ-இன்னில் ஆஃப்சைடு கொடுத்துவிட்டார்கள். கால்பந்தைக் காலால் தொட்டவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் எறிந்து உள்ளே அனுப்புவது த்ரோ-இன்; பொதுவாகக் கோல்கீப்பரைத் தவிர மற்ற எதிராளிகளை எல்லாம் தாண்டி முன்னால் நிற்பவனுக்குப் பந்தை அனுப்பினால் ஆஃப்சைடு. கையால் எறியப்படும் பந்தை நேராக வாங்குபவன் எங்கே நின்றாலும் அது ஆஃப்சைடு ஆகாது என்னும் விதி 1920-இல் வந்தது. காரைக்குடியில் கல்லூரி கட்டிய கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 11 வயதுச் சிறுவனாக இருந்தபோதே உலகம் தீர்த்துவைத்த வழக்கு இது. அந்தத் தீர்ப்பு எங்கள் ஆட்டத்திற்குக் கோட்டோரம் கொடி பிடிக்க வந்த லைன்ஸ்மேனுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

'சீசன்' என்று எங்கள் கல்லூரிப் பையன்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது மொத்தமே ஓர் ஆட்டம்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நாக் அவுட் முறையில் நடப்பதால், தோற்ற அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும். முதல் சுற்றில் எதிரணி வரவே இல்லை, வாக் ஓவர். ஆடிக் காற்றில் கண்ணெல்லாம் புழுதியாக, புல் முளைக்காத செம்மண் தரையில் விழுந்து விழுந்து முழங்கால் தோலை உரித்துக்கொண்டு பழகியதெல்லாம் இரண்டாம் சுற்றின் அந்த 90 நிமிடங்களுக்காகத்தான். நானும் ஒரு காலத்தில் அந்த அணியில் லெப்ட் பேக் ஆடியவன். முழங்கால் போன பிறகு, மாலை நேரங்களில் பந்து பொறுக்கிப் போடும் பதவியில் இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 78-ஆவது நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை. வலப்புற வேப்பமரத்தடியில் எங்களுக்கு த்ரோ. எறிய வந்த பையன் பந்தைச் சட்டையில் துடைத்தான், இரண்டு காலும் தரையில் பதிய நின்றான், தலைக்குப் பின்னாலிருந்து எறிந்தான். விதிப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு த்ரோ. எங்கள் ஃபார்வர்டு தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டிக் கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நின்றிருந்தான். ஆம், தனியாகத்தான் நின்றான். அங்கே நிற்கச் சொல்லித்தான் இரண்டு மாதமாகப் பழக்கியிருந்தோம். பந்தை நெஞ்சில் வாங்கி, ஒரு முறை தரையில் குதிக்கவிட்டு, இடது காலால் அடித்தான். 7.32 மீட்டர் அகலக் கோல் கம்பத்தில் வலை கட்ட யாருக்கும் நேரம் கிடைக்காததால், பந்து உள்ளே புகுந்து பின்பக்கமாகவே வெளியேறிப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் மோதி நின்றது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினால் மஞ்சள் அட்டை வரும் என்று தெரிந்து, கழுத்து வரை தூக்கிய சட்டையை மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தான் அந்தப் பையன். 19 வயதுப் பிள்ளைக்கு அந்த விதி தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் கொடி உயர்ந்திருப்பதைப் பார்த்தோம். வேறு ஏதோ தவறாக்கும் என்று நினைத்தோம். நடுவர் விசில் ஊதி, ஆஃப்சைடு என்றார். கேப்டன் ஓடிப்போய், "சார், த்ரோ-இன் சார்" என்றான். நடுவர் லைன்ஸ்மேனிடம் போய்க் கேட்டார். லைன்ஸ்மேன் மிகுந்த பொறுமையோடு, "முன்னாடியே நின்னுட்டான் சார்" என்று விளக்கம் அளித்தார். முன்னால் நின்றதை யாரய்யா மறுத்தார்கள்? கேப்டன் மறுபடியும், "சார், த்ரோ சார்" என்றான். மஞ்சள் அட்டை கிடைத்தது. எங்கள் பி.டி. சார் கைபேசியில் விதியை எடுத்துக்கொண்டு ஓடினார். கைபேசியோடு கோட்டைத் தாண்டக் கூடாது என்று தடுத்தார்கள். அந்த விதி மட்டும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது.

நடுவரும் மனிதர்தானே என்று சமாதானம் சொல்ல வருபவர்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். இரண்டாவது கடைசி எதிராளிக்கு நேராக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று 1990-இல் விதியைத் திருத்தினார்களே, அந்த மயிரிழைக் கணக்கில் கண் தவறியிருந்தால் நானே மன்னித்து ஒரு இளநீரும் வாங்கிக் கொடுத்திருப்பேன். இது கண் செய்த பிழையன்று, படிக்காத பிழை. ஆட்டம் முடிந்து முறையிட்டபோது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடுவர் தீர்ப்பே இறுதியானது என்றார்கள். அதைச் சொல்வதற்கு எங்கள் தாள் எதற்கு?

இதற்குள் 11 மீட்டர் தூரத்திலிருந்து பெனால்டி அடித்து 4-3 என்று தோற்றிருந்தோம். எங்கள் பக்கம் தவறவிட்டவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பையன்தான். அடிக்கப் போகும்போதுகூட லைன்ஸ்மேனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். திரும்பும் பேருந்தில் காரைக்குடி வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாங்கி வைத்திருந்த ஒரு தார் வாழைப்பழமும் அப்படியே கறுத்துப்போயிற்று.

நேற்று கல்லூரிக்குச் சான்றிதழ்கள் வந்தன. பங்கேற்றமைக்குப் பாராட்டு, பெயர்கள் சரி, தேதி சரி. விளையாட்டு என்ற இடத்தில் 'கைப்பந்து' என்று அச்சாகியிருக்கிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்த பி.டி. சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையால் எறிந்த பந்தில்தானே சார் தோற்றோம், சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். இருவரும் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.