எல்லா எலியும் ஒரே எலி அல்ல

ஊர் கூடிக் குளக்கட்டைத் துப்புரவு செய்த சிரமதானத்தில், பற்றைகளில் எலி மருந்து வைத்துக் கொன்ற எலிகளின் படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கீழே அதைக் கண்டித்து நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். ஆகவே கதையை மறுபடி சொல்லவில்லை. வாழையிலையில் வரிசையாகக் கிடத்தி, "எலிக்காய்ச்சலுக்கு முடிவு கட்டினோம்" என்று போட்டிருந்தீர்களே, அந்த உயிர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் வீட்டெலியும் அல்ல, மண்ணைத் தோண்டி வளை போடுகிற அகழானும் அல்ல. மரச்சுண்டெலிகள்.

வாலைப் பாருங்கள். உடம்பு ஏழெட்டுச் சென்ரிமீற்றர், வாலோ பத்தைத் தாண்டுகிறது. முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை. காலின் முதல் விரலிலும் கடைசி விரலிலும் கூர்நகம் கிடையாது, தட்டை நகம்தான். மெல்லிய கொப்பை இறுக்கிப் பிடித்து ஏறுவதற்கு வாய்த்த கால் அது. பகலில் புல்லும் இலையும் சேர்த்துக் கட்டிய கூட்டிலோ மரப்பொந்திலோ உறங்கும். இரவில் பழமும் தளிரும் தின்னும். வாழ்வின் பெரும்பகுதி மரத்திலும் பற்றையிலும் கழிகிறது. உங்கள் நெல் மூட்டைக்கும் அதற்கும் என்ன வழக்கு?

"நோய் வந்தால் நீயா பார்ப்பாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். என் சித்தப்பா எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தவர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோது எங்கள் வீட்டிலும் ஒருவரும் நிம்மதியாக உறங்கவில்லை. அந்தப் பயத்தை எனக்கு விளக்க வேண்டாம். கிருமி எலியின் சிறுநீரோடு சேற்றுக்கும் வெள்ளத்துக்கும் வந்து, காலில் உள்ள புண் வழியாக ஏறுகிறது. மாட்டிலிருந்தும் நாயிலிருந்தும்கூட வரும். நோய் வராமல் தடுக்க வயலில் இறங்குகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தருகிற டொக்சிசைக்கிளின் மாத்திரையை ஒழுங்காக விழுங்குங்கள். வீட்டைச் சுற்றிக் குப்பையைக் குவிக்காதீர்கள். வீட்டெலிக்குப் பொறி வையுங்கள், அகழானைப் பிடியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. காட்டுப் பற்றையில் ஏன் எலி மருந்து வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையாமல் உள்ளே கசிந்து, நாட்கணக்கில் தள்ளாடித்தான் சாகும். தள்ளாடுகிற எலியைத்தான் கூகை தூக்கும், சாரை விழுங்கும். நஞ்சு அவற்றின் ஈரலில் போய்த் தங்கும். ஒரு கூகைக் குடும்பம் ஓர் இரவில் பிடிக்கிற எலியை நம் சிரமதானம் பிடிக்குமா? எலியை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எலி பிடிக்கிறவர்களைக் கொன்றிருக்கிறோம்.

"இது ஒன்றும் அருகிவரும் இனம் இல்லையே" என்று படித்த ஒருவர் எழுதினார். சரி, உலகக் கணக்கில் இல்லை, இந்தியாவிலும் உண்டு. ஆனால் இதன் உறவு ஒன்று நம் மலைநாட்டுக் காடுகளில் இருக்கிறது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. 1929இல் பிலிப்ஸ் என்ற இயற்கையியலாளர் அதை விவரித்தார். ஆனால் நெடுங்காலம் அதை இந்த மரச்சுண்டெலியின் ஒரு கிளை என்றே வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது தனி இனம் என்று தெளிந்தது. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். "எல்லாம் ஒரே எலிதானே" என்று இருந்த காலத்தில் அதன் காடு எவ்வளவு போயிற்று என்று யார் கவனித்தார்கள்? வடக்கே நம் வன்னிப் பற்றைகளில் என்னென்ன சிற்றுயிர் இருக்கிறது என்று ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எண்ணுவதற்கு முன்பே மருந்து வைக்கிறோம்.

இனி என்னை மிகவும் நோகச் செய்த பதிலுக்கு வருகிறேன். "சனம் செத்தபோது எங்கே இருந்தாய், இப்போது எலிக்கு அழுகிறாய்?" சனத்தோடுதான் இருந்தேன். என் அம்மம்மா 2009இல் போரின் கடைசி மாதங்களில் ஒரு மகனை மாத்தளனில் புதைத்துவிட்டு முகாமுக்குப் போனவர். 2010இல் காணிக்குத் திரும்பியபோது வளவு முழுக்கப் பற்றை. வெட்டிக்கொண்டு வந்த மாமாவை நிறுத்தி, ஒரு விளாங்கன்றைக் காட்டினார். கொப்புக்கு நடுவே உருண்டைக் கூடு, உள்ளே கண் திறக்காத குட்டிகள். "இதைக் கடைசியாக வெட்டடா, அதுகளும் எழும்பிப் போகட்டும்" என்றார். தறப்பாளுக்குக் கீழே படுத்திருந்த காலம் அது. அந்தக் கிழவிக்குச் சனத்தின் சாவு தெரியாதா? உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவர்தான் அப்படிச் சொன்னார். மனிதருக்கு அழுதால் எலிக்கு இரங்கக் கூடாது என்ற கணக்கு எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

தம்பிமாரே, நீங்கள் கெட்டவர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. கட்டைத் துப்புரவு செய்தது நல்ல வேலை. ஆனால் மாரி மழை விழுந்தால் மீந்த மருந்து குளத்தில் இறங்கும். அந்தத் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். எந்தெந்தப் பற்றையில் வைத்தீர்கள் என்று உட்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் கையுறையோடும் வாளியோடும் வருகிறேன். ஒருவராவது கூட வந்து இடத்தைக் காட்டுங்கள்.