இலச்சினைகள் ஒன்றுபோலானது செயற்கை நுண்ணறிவால் அன்று
ஆடை நிறுவனங்களின் இலச்சினைகள் (லோகோக்கள்) ஒன்றுபோல இருப்பதற்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே காரணம் எனச் சிலர் கூறுவது காலக்கணக்கிற்குப் பொருந்தாது. செயின்ட் லோரன் 2012இலும், பலென்சியாகா 2017இலும், பர்பெரியும் செலினும் 2018இலும் அலங்காரமற்ற நேர்கோட்டுப் பெரிய எழுத்துகளுக்கு மாறிவிட்டன. படம் வரையும் அக்கருவிகள் பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்ததோ 2022இல்தான்.

கைத்தொலைபேசித் திரையின் சிறு வட்டத்துக்குள்ளும் பெயர் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே முக்கிய காரணங்களுள் ஒன்று. நம் திருகோணமலை மத்திய வீதியிலுள்ள ஒரு புடவைக்கடையின் வளைவெழுத்துப் பெயர்ப்பலகையை வாட்ஸ்அப் முகப்புப் படமளவுக்குச் சுருக்கினால், மெல்லிய கோடுகள் மங்கி, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பெயரே வாசிக்க முடியாமற் போய்விடும். பர்பெரியோ 2023இல் தன் பழைய குதிரைவீரன் சின்னத்தை மீட்டு, மரபுச் சாயலுள்ள எழுத்துக்குத் திரும்பிவிட்டது. அது வரவேற்கத்தக்க முடிவு.