தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

மலேசியாவில் காப்பார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு, பால் வெட்டியவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். என் மாமா போனது குரோம் முலாம் பூசும் ஒரு சின்னப் பட்டறைக்கு. 18 வருடம் அங்கேதான். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று அத்தை இளநீர் வெட்டிக் கொடுப்பார். கடைசியில் கிள்ளானில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.

குரோம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது வாயுக் குமிழிகள் கிளம்பி மேலே வந்து வெடிக்கும். ஒவ்வொன்றும் குரோமிக் அமிலத்தைப் பொடித் துளியாகக் காற்றில் தூவும். அதுதான் மூக்கை அரிக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. தொட்டி விளிம்பிலேயே புகையை இழுக்கும் உறிஞ்சி வேண்டும். அதை முதலாளி மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும், 12 மாதத்துக்குள் தகுதி பெற்றவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று ஆபத்தான ரசாயனங்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மாமாவின் பட்டறையில் சுவரில் ஒரு ஃபேன் இருந்தது, அவ்வளவுதான்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அங்கே சயனைடு தொட்டியும் அமிலத் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில், கீழே இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். இரண்டும் ஒழுகிக் கலந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு. ஆளைச் சில நிமிடத்தில் கொல்லும் வாயு. தனித்தனியாகத் தடுப்புச் சுவர் கட்டி, வாய்க்காலையும் பிரித்திருக்க வேண்டும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் தரையைக் கழுவிவிட்டால் இது மாறிவிடுமா?

2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இறுகியிருக்கிறது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகிவிட்டது. 5 பேர் வேலை செய்யும் இடமாக இருந்தாலே பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமித்தாக வேண்டும். உடனடி ஆபத்து என்று தெரிந்து, சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். மனதார வரவேற்கிறேன். ஆனால் இதை மாமா மாதிரி ஆட்களிடம் யார் சொன்னார்கள்? ரசாயன டிரம்மில் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அவரோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கூட வேலை செய்யும் நேபாளித் தம்பிகளுக்கும் அதே நிலைதான்.

தோட்டத்தில் எங்கள் அம்மாக்கள் முகத்துணிகூட இல்லாமல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். "பழகிப் போச்சு" என்பார்கள். நாட்டில் அது 2020இல்தான் தடையானது. பட்டறையிலும் அதே சொல்லைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆபீஸில் ஃபைலைப் பார்த்த கையோடு தொட்டிப் பக்கம் போங்கள். முதலாளி இல்லாமல் தொழிலாளியிடம் பேசுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

முலாம் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் தம்பிமார் யாராவது இதைப் படித்தால், ரசாயன ஆபத்து மதிப்பீடு எப்போது செய்தார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 5 வருடத்துக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான ஜேகேகேபிக்குப் புகார் எழுத மலாய் வரவில்லையென்றால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.