மவுனா கேயாவில் இரண்டு மாலைகள்

ஹவாய்க்குப் புறப்படும் நண்பர்கள் சிலர் என்னிடம் தவறாமல் ஒன்றைக் கேட்கிறார்கள்: மவுனா கேயாவின் உச்சிக்கே போய்விட்டால் விண்மீன்கள் இன்னும் நன்றாகத் தெரியுமல்லவா? இல்லை என்பதே என் பதில். இரண்டு மாலைகளை அந்த மலையில் கழித்தவன் என்ற முறையில், அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

மார்ச் மாதத்தில், அமாவாசையை ஒட்டிய நாளொன்றில் முதன்முறை சென்றோம். மலையின் உயரம் ஏறத்தாழ 4,200 மீட்டர். கடற்கரை நகரமான ஹிலோவிலிருந்து இரண்டே மணி நேரத்தில் உச்சியைத் தொட்டுவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே. ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் நிலையத்தில் குறைந்தது அரை மணி நேரமாவது தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு மேலே செல்லும்படி அறிவுறுத்துகிறார்கள். நாங்களும் தங்கினோம். ஆயினும் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். அங்கே இறங்கிய சில நிமிடங்களில் என் மனைவியால் தன் மேலங்கியின் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் பொத்தானைத் தொட்டுக்கொண்டே இருந்தன, துளை மட்டும் அகப்படவில்லை. நான்தான் போட்டுவிட்டேன், என் நகங்களும் நீலம் பாரித்திருந்தன.

காட்சியைக் குறை சொல்ல மாட்டேன். காலுக்கு வெகு கீழே மேகங்கள் கடல்போலப் பரந்திருந்தன. சூரியன் மேற்கே இறங்க இறங்க, மலையின் நிழல் கிழக்கே அந்த மேகங்களின்மீது ஒரு பெரிய முக்கோணமாக நீண்டுகொண்டே போனது. ஆறுகோணக் கண்ணாடித் துண்டுகள் 36 சேர்ந்து 10 மீட்டர் ஆடியாக அமைந்த கெக் தொலைநோக்கிகள் இரண்டும் அருகருகே நின்றன.

ஆனால் சூரியன் மறைந்து அரை மணி நேரத்திற்குள் பார்வையாளர்கள் கீழே இறங்கிவிட வேண்டும். வாகன விளக்குகள் ஆய்வுக்கு இடையூறாகும். அங்கேயே நின்றிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. ஆக்சிஜன் குறையும்போது முதலில் தளர்வது கண்ணின் இரவுப் பார்வைதான். மங்கலான விண்மீன்கள் தலைக்குமேல் இருக்க, அவற்றைக் காணும் திறன் நமக்குக் குறைந்துவிடுகிறது.

ஆகவே மறுநாள் மாலை நிலையத்தோடு நின்றுகொண்டோம். கைப்பேசிகளை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருளில் அமர்ந்திருந்தோம். கண் பழகப் பழக, தெற்கே அகத்திய விண்மீன் சென்னையில் தெரிவதைவிடத் தாழ்வாகவும், வடக்கே துருவ மீன் நாம் பழகிய இடத்தைவிட உயரமாகவும் நிற்பதைக் கவனிக்க முடிந்தது. நாம் வடக்கே நகர்ந்திருக்கும் தொலைவை வானமே அளந்து காட்டியது. மேற்கே கார்த்திகைக் கூட்டம் சரிந்துகொண்டிருந்தது. ஹவாய் மக்கள் அதை மக்காலிஇ என்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் அது கிழக்கே உதிக்கும் நவம்பர் வாக்கில்தான் அவர்களுடைய மக்காஹிக்கி என்னும் புத்தாண்டு விழாப் பருவம் தொடங்குகிறது. நாம் விளக்கேற்றும் கார்த்திகை மாதமும் அதுவே. இதை அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னர் கிழக்கே சுவாதி எழுந்தது. அதன் ஹவாய்ப் பெயர் ஹோக்குலேஆ. அது ஹவாயின் உச்சிவானத்தைக் கடப்பதால், பழைய மாலுமிகளுக்குத் தம் தீவுகளின் அடையாளமாக இருந்தது. அப்பெயரைச் சூடிய பாய்மரத் தோணி 1976-இல் கருவிகள் ஏதுமின்றி, விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே தாஹிட்டி வரை சென்றது.

உச்சியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்த மக்களுக்கு மவுனா கேயா பனித்தேவதை போலியாஹு உறையும் இடம். மேலே உள்ள வையாவு ஏரியில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைச் சேர்க்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. முப்பது மீட்டர் தொலைநோக்கியை அங்கே கட்டுவதற்கு எதிராக 2019 ஜூலையில் முதியோர் சாலையில் அமர்ந்து கைதானார்கள். அந்தத் திட்டத்தில் இந்தியாவும் ஒரு பங்காளி என்பதை நம்மில் பலர் அறியோம். வானியலை நேசிப்பவன் நான். ஆயினும் அம்மக்களின் இசைவின்றி அங்கே இன்னொரு கட்டடம் எழக் கூடாது என்றே கருதுகிறேன். அண்ணாமலையையே இறைவனாகக் கண்டு, அதன்மேல் கால்வைக்கத் தயங்கி, வலம் மட்டும் வந்து திரும்பும் அடியார்களைக் கொண்ட நமக்கு இது புரியாத உணர்வல்ல.

மலையின் மிக உயர்ந்த எரிமலைச் சாம்பல் மேட்டில் ஏற வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். காற்று அடித்துக்கொண்டு வரும் பூச்சிகளைத் தின்று வாழும் வேக்கியு என்னும் சிறு பூச்சிக்கு, அம்மலையுச்சியின் சாம்பல் கற்களைத் தவிர உலகில் வேறு வாழிடம் இல்லை. அதை அறிந்தும், படத்திற்காகச் சிலர் மேட்டில் ஏறியதைப் பார்த்து வருந்தினேன்.

நவம்பரில் செல்லும் நண்பர்கள் நிலவில்லாத இரவாகத் தேர்ந்துகொள்ளுங்கள். கம்பளியும் சிவப்பு ஒளி விளக்கும் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே நிலையத்திற்குப் போய்விடுங்கள். மேகம் மறைக்காவிட்டால், இருட்டத் தொடங்கும் வேளையில் கிழக்கே பாருங்கள்; கார்த்திகை அங்கே ஏறிக்கொண்டிருக்கும்.