அவர்கள் எடுத்தது பெட்டோஃபியின் கதை இல்லை

ஹங்கேரியின் தேசியக் கவிஞர் பெட்டோஃபியைப் பற்றிய 'Now or Never!' படத்தின் சனிக்கிழமை திரையிடலில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை, வந்தவர்களுக்குத் தெரியும். "படத்தைப் படமா பாருங்க, எல்லாத்துலயும் அரசியல் தேடாதீங்க" என்று நான் பேசிய பாதியிலேயே மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹங்கேரியை ஆண்ட ஆஸ்திரிய ஹப்ஸ்பர்க் வம்சத்துக்கு எதிராகப் புரட்சி வெடித்த 1848 மார்ச் 15 அன்று பெட்டோஃபியும் நண்பர்களும் தணிக்கையாளரின் அனுமதியின்றி அச்சடித்த பன்னிரண்டு கோரிக்கைகளில் முதலாவது பத்திரிகைச் சுதந்திரம், தணிக்கை ஒழிப்பு. அந்த நாளைப் படமாக்க, ஹங்கேரியப் பிரதமராக இருந்த ஓர்பானின் அரசு கொடுத்தது சுமார் 450 கோடி ஃபோரிண்ட். 2018இல் நூற்றுக்கணக்கான ஊடகங்கள் அரசுக்கு வேண்டிய ஒரே அறக்கட்டளைக்குள் போனது அதே ஆட்சியில்தான். இதில் அரசியலை நான் தேட வேண்டுமா?

படத்தில் பெட்டோஃபியைக் கொல்ல ஹப்ஸ்பர்க் தரப்பு ஆள் துரத்துகிறான். எதிரி என்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நிஜத்தில், அதே ஆண்டு ஜூன் மாதம் சபத்சால்லாஷ் ஊரில் நடந்த தேர்தலில் அவரைத் தோற்கடித்து விரட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். "ஒரு நாள் கதைதானே, ஜூன் எப்படி வரும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே ஒரு முடிவுதானே! பெட்டோஃபியின் தந்தை பெயர் பெட்ரோவிச், ஒரு ஸ்லாவியப் பெயர்; தாய் ஸ்லோவாக் பேசியவர். ஹங்கேரியனாக இருப்பதை அவரே விரும்பித் தேர்ந்துகொண்டார். 'நாம், அவர்கள்' என்று கோடு கிழிக்கிற அரசியலுக்கு இவரையா பிடித்தார்கள்?

நான் புடாபெஸ்டில் படித்த இரண்டு வருடமும் ஒரு பாட்டி வீட்டில் குடியிருந்தேன். மார்ச் 15 காலையில், அந்தப் புரட்சியின் அடையாளமான சிவப்பு, வெள்ளை, பச்சை ரிப்பன் பூவை என் கோட்டில் இடப்பக்கம் குத்திவிட்டு, பெட்டோஃபி கவிதையை முழுதாகச் சொன்னார். தன் கோட்டில் குத்திக்கொள்ளவில்லை. 2002 தேர்தலில் ஓர்பான் தன் ஆதரவாளர்களை அதை அணியச் சொன்னதிலிருந்து வெளியே அணிவதில்லையாம். "பார்க்கிறவர்கள் கட்சிக்காரி என்பார்கள்" என்றார். ஹங்கேரிய இயக்குநர் காபோர் ரைஸ் 2023இல் அரசுப் பணம் இல்லாமல் எடுத்த படத்தில், தேர்வுக்கு வந்த பையன் கோட்டில் அந்தப் பூ இருப்பதுதான் மொத்தப் பிரச்சினையும். பார்த்தபோது பாட்டி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

"எல்லா அரசும் இப்படித்தான்" என்பீர்கள். சரி, பழைய ஹங்கேரிய இயக்குநர் யான்ச்சோவும் கம்யூனிஸ்ட் அரசின் பணத்தில்தான் எடுத்தார். ஆனால் 1966இல் வந்த அவருடைய படத்தில் கைதிகளைச் சித்திரவதை செய்கிற அதிகாரத்தைக் கண்ட ஜனங்களுக்கு, சோவியத் படை நசுக்கிய 1956 புரட்சி ஞாபகம் வந்தது.

கலை நயம் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் இருக்கட்டும். ஒளிப்பதிவு எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தப் பாட்டிக்கு அவருடைய பூவையும் பெட்டோஃபியையும் யார் திருப்பிக் கொடுப்பார்கள்? இதைத்தான் சனிக்கிழமை கேட்க வந்தேன். கேட்க விடவில்லை.