ஒரு பாட்டு பாடேன்!

இசைக் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வந்துவிடுகிறது: “அப்படியா, ஒரு பாட்டு பாடேன்!” வானியல் படிப்பவரிடம் நட்சத்திரம் பறித்துத் தரச் சொல்வீர்களா?

நேற்று இரவு இரண்டு மணி வரை மாணவர்களின் நாற்குரல் பயிற்சித்தாள் (மேற்கத்திய இசையில் நான்கு குரல்களுக்கு எழுதுவது) திருத்தினேன். ஒரே தாளில் ஏழு இடத்தில் இணை ஐந்தாம் சுரங்கள்! இரண்டு குரல்கள் ஐந்து சுர இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகர்வது; இந்தப் பாடத்தில் அது பிழை. அடிக்குரலான பாஸ் ‘சி’ சுரத்திலிருந்து ‘டி’க்குப் போனால், அதற்கு மேல் குரலான டெனரும் ‘ஜி’யிலிருந்து ‘ஏ’வுக்கு வால் பிடித்து ஓடுகிறது. கேட்டால், “காதுக்கு நன்றாகத்தானே இருக்கிறது?” என்கிறார் மாணவர். இருக்கும்! ராக் கிதார்க்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அந்தப் பாடமா நடத்தினேன்?

என் ஆய்வுக்கு வருவோம்: சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின் (chords) தலைகீழ் வடிவங்களை, அதாவது அடிச்சுரம் மாறிய வடிவங்களை, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1722-இலேயே விளக்கிவிட்டார். அதைப் பற்றி ஒரு பத்தி எழுத எனக்குத்தான் மூன்று மாதமாக நேரமில்லை. “எப்போது முடிப்பாய்?” வழிகாட்டியும் கேட்கிறார், வீட்டிலும் கேட்கிறார்கள்.

சரி, பாடுகிறேன். முகாரிதான் வரும், பரவாயில்லையா?