மேசை மேல் வைத்த வண்டிச் சாவி

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனை. விடிந்ததும் போய் மேசையைத் தயார் செய்வது பல வருஷமாக என் வேலை. வெள்ளைத் துணி விரித்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துப் பேச வசதியாக, கையில் இருந்த வண்டிச் சாவியை அந்தத் துணி மேலேயே, பாத்திரத்தை ஒட்டினாற்போல் போட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தர் கேட்டார்: "இன்னாடா, சாவி அங்க கீது?"

"எடுத்துடறேன் ஆயா" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

சண்டே கிளாஸில் ஊசாவின் கதை கேட்ட நாளில் எனக்குக் கடவுள் மேல்தான் கோபம். பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி மாட்டு வண்டியில் வருகிறது. மாடு மிரண்டது, பெட்டி அசைந்தது, ஊசா பிடித்தான், அங்கேயே செத்தான். பிடித்தவனைப் போய் அடிப்பாரா? இன்றுவரை அந்தக் கதை எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் இந்த வாரம் வேதத்தில் 2 சாமுவேல் 6ம் அதிகாரத்தை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஊசா யார்? அபினதாபின் மகன். உடன்படிக்கைப் பெட்டி 20 வருஷத்துக்கும் மேல் இருந்தது அந்த வீட்டில்தான். ஊருக்கெல்லாம் அது கர்த்தருடைய பெட்டி. அவனுக்கு, தினம் கண்ணில் படுகிற பெட்டி. பழகப் பழகப் பாலும் புளிக்கும். என் கதையும் அதுதான்.

வண்டி விஷயத்தையும் பாருங்கள். எண்ணாகமம் 7ல், ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமக்கிற லேவியரில் கெர்சோன் வகையறாவுக்கு 2 வண்டி, மெராரி வகையறாவுக்கு 4 வண்டி. பெட்டி முதலான பரிசுத்தப் பொருள்களுக்குப் பொறுப்பான கோகாத் வகையறாவுக்கு ஒன்றுகூட இல்லை, அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும். பெட்டியைப் புது வண்டியில் ஏற்றி அனுப்பியது இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர். எருசலேமுக்குக் கொண்டுவரும்போது தாவீது ராஜாவும் அதையே செய்தார். புது வண்டி, தம்புரு, மேளம், பெரிய கூட்டம், எல்லாம் பிரமாதம். எப்படிக் கொண்டுவரணும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஊசா செத்து 3 மாதம் கழித்துத் தோளில் சுமந்து வந்தார்கள். 6 தப்படி நடந்ததும் பலியிட்டார்கள். தாவீது தன் முழுப் பலத்தோடு ஆடினார் என்று வேதம் சொல்வது இந்த இரண்டாவது பயணத்தைத்தான். பயபக்தி என்றாலே கை தட்டாதே, டிரம்ஸ் கூடாது என்று ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சர்ச்சுக்குள் செருப்புப் போடலாமா கூடாதா என்கிற சண்டையும் எனக்கு அலுத்துவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் செருப்பை விடுகிறார்கள். அதே கோட்டையில் 1846ல் கட்டிய பரிசுத்த யோவான் ஆலயத்துக்குள் ஷூவோடு போகிறோம். வெள்ளைக்காரன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவான், நாம் செருப்பைக் கழற்றுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். எரிகிற முட்செடியிலிருந்து தேவன் மோசேயிடம் பாதரட்சையைக் கழற்றச் சொன்னது உண்மை. ஆனால் மோசே முகத்தையும் மூடிக்கொண்டார். தேவனை நோக்கிப்பார்க்கப் பயந்தார். அந்தப் பாதியை நாம் பிரசங்கத்தில் சொல்வதே இல்லை.

"இது கிருபையின் காலம் பிரதர், திரைச்சீலை கிழிஞ்சாச்சு" என்று சிலர் சொல்வார்கள். இயேசு மரித்தபோது தேவாலயத் திரை கிழிந்தது, தேவனிடம் போக வழி திறந்தது, ஆமென். "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே", அதாவது தேவனுடைய கிருபையின் சிங்காசனத்தருகே, சேரச் சொல்கிற அதே எபிரெயர் நிருபம்தான் "நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே" என்றும் சொல்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க முடியாது.

ஒரு பயமும் எனக்கு உண்டு. பரிசுத்தம் என்ற பேரில் ஆளைத் தள்ளி உட்கார வைத்த வரலாறு நம் சபைகளுக்கு இருக்கிறது. அழுகிற குழந்தையை வெளியே அனுப்புவதும், கசங்கிய சட்டையோடு வந்தவரை முறைப்பதும் பயபக்தி இல்லை. இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன்தான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான்.

இந்த ஞாயிறு சாவி பையை விட்டு வெளியே வரவில்லை. மேசையைத் தொடுமுன் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். ஆயா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன் எங்கடா?"

"ஆஃப் பண்ணிட்டேன் ஆயா."

"சர்ச்சு முடிஞ்சதும் போடு. எம்பேரனுக்கு ஒரு போன் அடிச்சுக் குடு."